பேயோடு பேரமும் பிணை நின்றோரும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே எழுத்தராகக் காலந்தள்ளும் நம்மையும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். நமக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, அலுவலகத்தில் எழுதும் சம்பளப் பட்டியல். மற்றொன்று, இரவில் படிக்கும் சிறுகதை. இவ்விரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பேராசை கொண்ட மனிதன் பேயோடு செய்துகொள்ளும் பேரமே அவ்விடம்.

உலக மொழிகள் பலவற்றிலும் இப்பொருள் பற்றிய கதைகள் உள. அவற்றைப் படிப்போர் பெரும்பாலும், "மனிதன் என்ன கேட்டான்? பேய் என்ன கொடுத்தது?" என்னும் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றனர். பட்டியல் எழுதிப் பழகிய கைக்கோ மூன்றாவது வினா ஒன்று தோன்றுகிறது. "முடிவில் தொகை யாருடைய கணக்கில் பிடிக்கப்பட்டது?" என்பதே அது. இவ்வினாவைக் கையில் ஏந்திக்கொண்டு சில கதைகளைக் காண்போம்.

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்ததாகப் பலர் எண்ணுவது ஃபாஸ்ட் என்னும் அறிஞனின் கதை. 1587ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் அது ஒரு மக்கள் நூலாக அச்சேறியது. பின்னர் மார்லோ ஆங்கிலத்திலும், கெதே ஜெர்மன் மொழியிலும் அதனை நாடகமாக்கினர். அம்மக்கள் நூலில், இருபத்து நான்கு ஆண்டுகள் தன் விருப்பமெல்லாம் நிறைவேற வேண்டும் என்று ஃபாஸ்ட் கேட்கிறான். தன் இரத்தத்தால் கையெழுத்திடுகிறான். தவணை முடிந்த இரவில் தன்னையே கொடுக்கிறான். கேட்டவனும் அவனே, கையெழுத்திட்டவனும் அவனே, செலுத்தியவனும் அவனே. கொடிய கணக்குத்தான், ஆயினும் நேரான கணக்கு.

இனி அமெரிக்க நாட்டுக்குச் செல்வோம். வாஷிங்டன் இர்விங் என்பார் 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையில் டாம் வாக்கர் என்றொரு கருமி வருகிறான். பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு சதுப்பு நிலக் காட்டில் அவன் பேயைச் சந்திக்கிறான். கடற்கொள்ளையன் புதைத்த பொருள் பேயின் காவலில் இருக்கிறது. அதனைத் தருவதற்குப் பேய் நிபந்தனை கூறுகிறது. அடிமை வாணிகம் செய் என்றபோது டாம் மறுத்துவிடுகிறான். அந்த அளவுக்கு அவனிடம் மனச்சான்று எஞ்சியிருந்தது. வட்டிக்கு விடு என்றபோதோ மகிழ்ந்து இசைகிறான். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி வாங்கு என்று பேய் சொல்கிறது. நாம் நான்கு வாங்குவோம் என்கிறான் டாம்! அன்பர்களே, இவ்விடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பேய் கேட்டது இரண்டு. மேலும் இரண்டைச் சேர்த்தவன் மனிதன்.

முதுமையில் அவனுக்கு அச்சம் பிறக்கிறது. கோயிலுக்குத் தவறாமல் செல்கிறான். சட்டைப் பையில் ஒரு சிறிய வேதநூலும் மேசைமேல் ஒரு பெரிய வேதநூலும் வைத்துக்கொள்கிறான். ஆயினும் கடன்காரன் ஒருவன் தவணை கேட்டு மன்றாடிய நாளில், அவனால் தான் ஒரு காசும் ஈட்டியதில்லை என்றும், ஈட்டியிருந்தால் பேய் தன்னைக் கொண்டு போகட்டும் என்றும் ஆணையிடுகிறான். அடுத்த கணம் கதவு தட்டப்படுகிறது. கரிய குதிரை வெளியே நிற்கிறது. சிறிய வேதநூல் மேலங்கிப் பையில் கிடக்க, பெரியது அடைமானப் பத்திரத்தின் கீழ் அகப்பட்டிருக்க, டாம் போயே போய்விடுகிறான். அவனுடைய பெட்டியில் பத்திரங்கள் சாம்பலாகவும் பொன் மரச்சீவலாகவும் கிடந்தன. இங்கும் செலுத்தியவன் டாமே எனலாம். ஆனால் அவனிடம் வீட்டையும் நிலத்தையும் இழந்தோர் எத்தனை பேர்! அவர்கள் எந்தப் பேயோடும் பேரம் பேசியவர் அல்லர். நம் மூன்றாவது வினா இங்கே கண் விழிக்கிறது.

ருஷ்ய நாட்டுப் பேரறிஞர் டால்ஸ்டாய் 1886ஆம் ஆண்டில் எழுதிய கதையை நம்மில் பலர் அறிவர். மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்பதே அதன் தலைப்பு. பஹோம் என்னும் குடியானவன், போதிய நிலம் மட்டும் இருந்தால் பேய்க்கும் அஞ்சேன் என்று எண்ணுகிறான். அடுப்பின் பின்னால் இருந்த பேய் அதைக் கேட்டுவிடுகிறது. பாஷ்கிர் மக்களின் நாட்டில் ஒரு நாளுக்கு ஆயிரம் ரூபிள் என்பது விலை. காலையில் புறப்பட்டுக் கதிரவன் மறைவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே மீண்டால், சுற்றி வந்த நிலமெல்லாம் அவனுக்கு உரியது. மீளாவிட்டால் பணம் போயிற்று. இதில் மறைத்து வைத்த நிபந்தனை ஒன்றேனும் உண்டா? இல்லை. அந்த ஈரத் தாழ்நிலத்தை விட மனமில்லாமல், இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று அவனே தொலைவை நீட்டுகிறான். மாலையில் ஓடி வந்து விழுந்து உயிர் விடுகிறான். தலை முதல் கால் வரை புதைக்க ஆறடி நிலம் போதுமாயிற்று. பேய் செய்த வேலை, அடுப்பின் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டு, வாய்ப்பைக் காட்டியதே.

இதே உண்மையை நம் நாட்டில் இராமகிருஷ்ண பரமஹம்சர் ஓர் எளிய கதையாகச் சொன்னார். அரசனின் நாவிதன் ஒருவன் பேய் வாழும் மரத்தடியே சென்றான். "ஏழு சாடிப் பொன் வேண்டுமா?" என்று குரல் கேட்டது. வேண்டும் என்றான். வீட்டில் ஏழு சாடிகள் இருந்தன. ஆறு நிறைந்திருந்தன, ஏழாவது பாதி குறைந்திருந்தது. அக்குறையை நிரப்ப நகைகளை உருக்கிப் போட்டான். சம்பளத்தை இரட்டிப்பாக்கச் செய்து அதையும் போட்டான். பிச்சையெடுத்துப் போட்டான். சாடி நிறையவில்லை. அவன் மெலிவைக் கண்ட அரசன், "ஏழு சாடிகளை வாங்கிவிட்டாயோ?" என்று வினவினான். அக்குரல் முன்பு அரசனையும் அழைத்ததாம். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம்: "இப்பொருள் செலவிடுவதற்கா, சேர்த்து வைப்பதற்கா?" மறுமொழி இன்றிக் குரல் மறைந்துவிட்டது. நாவிதன் ஓடிச் சென்று சாடிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினான். சாடிகள் போயின, அவற்றோடு அவன் போட்டவையும் போயின. இக்கதையில் வரும் அரசனின் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பிறகு அது நமக்குத் தேவைப்படும்.

இதுவரை சொன்ன கதைகளில் கேட்டவனே பெரும்பாலும் செலுத்தினான். இனிச் சொல்லும் இரண்டில் அவ்வாறன்று.

ஆங்கில எழுத்தாளர் ஜேக்கப்ஸ் 1902ஆம் ஆண்டில் குரங்குப் பாதம் பற்றி ஒரு கதை எழுதினார். நம் நாட்டுப் பக்கிரி ஒருவர் மந்திரித்த பாதமாம் அது; மூன்று வரங்கள் தருமாம். முதியவர் ஒருவர் வீட்டுக் கடனை அடைக்க இருநூறு பவுன் கேட்கிறார். பேராசை என்றும் சொல்ல இயலாத சிறு விருப்பம். மறுநாள் ஆலையிலிருந்து ஓர் ஆள் வருகிறார். மகன் இயந்திரத்தில் அகப்பட்டு மாண்டான்; இழப்பீடு இருநூறு பவுன். கேட்டவர் தந்தை, செலுத்தியவன் மகன். அம்மகனிடம் யார் கையெழுத்து வாங்கினார்கள்?

ஸ்டீவன்சன் 1891ஆம் ஆண்டில் எழுதிய கதையில் ஒரு புட்டிக்குள் பூதம் இருக்கிறது. கேட்டதைத் தரும். ஆனால் புட்டியை வைத்திருப்பவன் இறந்தால் நரகம் உறுதி. விற்றுத் தப்பலாம்; வாங்கிய விலையினும் குறைவாகவே விற்க வேண்டும். ஹவாய்த் தீவினனாகிய கேயாவே ஒரு முறை அதனால் மாளிகை பெற்று, விற்றும் தப்புகிறான். பின்னர்த் தொழுநோய் கண்டு, மணக்கவிருந்த பெண்ணை இழக்க மனமில்லாமல் மீண்டும் அதை வாங்குகிறான். அப்போது விலை ஒரே ஒரு சென்ட்! அதற்குக் கீழே எங்ஙனம் விற்பது? சென்டினும் சிறிய காசு வழங்கும் தாகித்தித் தீவுக்குக் கணவனும் மனைவியும் கப்பலேறுகின்றனர். அங்கே மனைவி கோகுவா ஒரு முதியவரை இடையில் வைத்து, கணவன் அறியாமல் புட்டியைத் தானே வாங்கிக்கொள்கிறாள். கணவனுக்காகத் தன் ஆன்மாவையே ஈடாக வைத்தாள் அவள். முடிவில் குடிகாரக் கப்பலாள் ஒருவன், எப்படியும் நரகம் போகப் போகிறவன் தானே என்று சொல்லிப் புட்டியோடு போய்விடுகிறான். தம்பதியர் பிழைத்தனர். ஆனால் அன்பர்களே, கணக்கு தீரவில்லை. வேறொருவன் பெயருக்கு மாற்றப்பட்டது, அவ்வளவே. ஒருவர் பணத்தை மற்றொருவருக்குக் கொடுத்து ஓடும் சங்கிலித் திட்டங்களைக் கண்டவர்களுக்கு இப்புட்டியின் இயல்பு விளங்கும். முன்னால் வந்தவன் சிரிப்பான். கடைசியில் வாங்கியவன் அழுவான்.

கடல் கடந்த கதைகள் போதும். நம் ஊர் வண்டியிலேயே ஏறுவோம். திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டி புத்தூர், திருத்தணி, அரக்கோணம் கடந்ததும் திருவாலங்காடு நிலையத்தைத் தாண்டிச் செல்கிறது. அதன் அருகில் உள்ளது பழையனூர். அப்பகுதி முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தோடு இருந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியோடு அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. இராசேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியைக் கூறும் செப்பேடுகள் 1905ஆம் ஆண்டில் கிடைத்தன. முப்பத்தோர் ஏடுகள் கொண்ட பெரும் பத்திரம் அது. ஆனால் அவ்வூரின் பெயரை மக்கள் நாவில் நிறுத்தியது செப்பேடு அன்று. ஒரு பேயின் கதை.

நீலி கதை பல வடிவங்களில் வழங்குகிறது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு வடிவத்தில் அதன் வித்தாக இருப்பது பொன்னாசையே. தன்னை நம்பி நகைகளோடு பின்தொடர்ந்து வந்த பெண், தன் மடியில் தலைவைத்துத் துயின்றபோது, கல்லைப் போட்டுக் கொன்று நகையைக் கவர்ந்தான் ஒருவன். அவள் பேயானாள். மறுபிறவியில் அவன் வணிகன் ஆனான். பழையனூர் வடிவத்தில், பேய்க்கு அஞ்சி அவன் மந்திரித்த வாள் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறான். நீலி அழகிய பெண்ணாகிக் குழந்தையை இடுப்பில் ஏந்தி ஊர் மன்றத்துக்கு வருகிறாள். "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்" என்று கண்ணீர் வடிக்கிறாள். குழந்தையும் அவனை அப்பா என்று அழைக்கிறது. இவள் பேய், என்னைக் கொல்வாள் என்று வணிகன் அலறுகிறான். ஊர் வேளாளர் எழுபதின்மரும், "வாளை எங்களிடம் கொடுத்துவிட்டு இவளோடு தங்குக. உமக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு" என்று வாக்களிக்கின்றனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்தனர்.

அவ்வெழுபதின்மரின் வாய்மையைத் தமிழகம் வாழ்த்தி வருகிறது. நாமும் தலை வணங்குகின்றோம். ஆயினும் ஒன்றைப் பணிவோடு சொல்ல வேண்டும். மேலை நாட்டுக் கதைகளில் பேரத்துக்கு இரண்டு தரப்பு. நம் மண்ணின் கதையில் மூன்று தரப்பு. கொலை செய்தவன் ஒருவன்; பழிவாங்கியவள் ஒருத்தி; உயிர் கொடுத்தவர் எழுபதின்மர்! அவர்கள் நகையைக் கண்டவர் அல்லர். அதில் ஒரு குன்றிமணியும் பெற்றவர் அல்லர். கண்ணீரைக் கண்டு இரங்கினர்; வாக்குக் கொடுத்தனர். வாக்கைக் காப்பதில் அவர்களை வெல்வார் இல்லை. ஆனால் வாக்கைக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வியேனும் கேட்டிருக்கலாம் அன்றோ? "வாளை ஏன் கேட்கிறாய், அம்மா?" என்ற அக்கேள்வி எழுபது உயிரைக் காத்திருக்கும்.

இவ்விடத்தில், கடன் என்றாலே பேய் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. நாம் வாழும் ஊரின் தெய்வமே கடன்பட்ட தெய்வம். ஆகாசராசன் மகளாகிய பத்மாவதித் தாயாரை நாராயணவனத்தில் மணப்பதற்குச் சீனிவாசப் பெருமான் குபேரனிடம் கடன் பெற்றார் என்பது தலபுராணம். பத்திரம் எழுதப்பட்டது. பிரமனும் சிவனும் அரச மரமும் சாட்சி. கலியுகம் முடியுமட்டும் வட்டி செலுத்தி வருகிறார் என்பர். கீழ்த்திருப்பதியில் பள்ளிகொண்ட கோவிந்தராசப் பெருமாள், அப்பணத்தை அளந்து அளந்து களைத்து மரக்காலையே தலைக்கு அணையாக வைத்துக்கொண்டார் என்று நம் ஊர்த் தாய்மார்கள் குழந்தைகளுக்குச் சொல்வதுண்டு. இக்கதையில் உள்ள முறையைப் பாருங்கள். தொகை எதற்கு என்பது வெளிப்படை. நிபந்தனை வெளிப்படை. சாட்சிகள் வெளிப்படை. கடன் பெற்றவர் ஊரை விட்டு ஓடவில்லை. தாமே மலைமேல் நின்று செலுத்துகிறார். பக்தர்கள் உண்டியலில் இடுவதும் தாமே விரும்பி இடுவது. எவர் பெயரிலும் பிடித்தம் இல்லை. கடனுக்கும் பேய்ப் பேரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. தன் ஆசைக்குத் தானே செலுத்த நிற்பவன் கடனாளி. தன் ஆசைக்குப் பிறர் தலையை ஈடாக வைப்பவனே பேய்க்கு வேலை கொடுப்பவன்.

அன்பர்களே! இவற்றையெல்லாம் ஏன் இந்த மேடையில் சொல்கின்றோம்? பிழைப்பை நாடி இங்கு வந்தோரும், இம்மண்ணிலேயே தலைமுறைகளாக வாழ்ந்து வருவோரும் ஆகிய நாம், வேற்றுமொழிச் சூழலில் ஒருவர்க்கொருவர் துணை. வாடகை வீட்டுக்குப் பரிந்துரை வேண்டுமா? தமிழரிடம் செல்கின்றோம். பிணைக் கையெழுத்து வேண்டுமா? தமிழரிடமே செல்கின்றோம். இது நம் பெருமை. இதுவே நம் ஆபத்தும் ஆகும்.

நாம் அறிந்த நண்பர் ஒருவர். ஊரையும் பெயரையும் சொல்லோம். கூட வேலை பார்த்த ஒருவர்க்காகக் கடன் பத்திரத்தில் பிணை நின்றார். கடன் எதற்கு என்று கேட்கவில்லை. "நம் ஊர்க்காரர்" என்னும் ஒரு சொல்லே போதுமாயிற்று. பெற்ற பணம், சில திங்களில் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டிய ஒரு திட்டத்தில் போய் மறைந்தது. கடன் வாங்கியவரும் மறைந்தார். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் நண்பரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம். அவர் மகள் கல்லூரியில் சேரும் ஆண்டு ஒன்று அதில் வீணாயிற்று. அப்பெண் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை. குரங்குப் பாதத்துக் கதையின் மகனைப் போல, கேளாத வரத்துக்கு விலை கொடுத்தாள். பட்டியலில் அப்பிடித்தம் வெறும் எண்ணாகத்தான் தெரியும். எண்ணுக்குப் பின்னால் ஒரு வீடு இருப்பதைப் பட்டியல் காட்டாது.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, பத்திரத்தில் வேறு வகையாகக் குறித்திருந்தாலன்றி, பிணை நிற்பவரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஒத்ததே என்கிறது. "பெயருக்கு ஒரு கையெழுத்து" என்று ஒன்று சட்டத்தில் இல்லை. முழுதும் செலுத்திய பிணையாளிக்குக் கடன் கொடுத்தவரின் உரிமைகள் வந்து சேரும் என்று 140ஆம் பிரிவு ஆறுதல் தருகிறது. ஆனால் ஓடிப்போனவரிடம் அவ்வுரிமையை எங்கே போய்ச் செலுத்துவது?

இன்று இப்பேரம் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. சில கடன் செயலிகள் ஒரு பொத்தானை அழுத்தியதும் பணம் தந்து, கைப்பேசியில் உள்ள உற்றார் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் அவர்களை அழைத்து வசை பாடியதை நாடறியும். பழையனூர் எழுபதின்மராவது தாமே வாக்குக் கொடுத்தனர். இங்கே அத்தை, மாமன், பள்ளித் தோழன் அனைவரும் தாம் அறியாமலே பிணையாளிகள்! 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு நெறிகள் வகுத்தது. தொடர்பு எண்களைச் செயலி தொடலாகாது. ஆண்டு வட்டியும் செலவும் அடங்கிய முக்கிய விவரத் தாளை ஒப்பந்தத்துக்கு முன்னரே தர வேண்டும். மனம் மாறினால் அபராதமின்றித் திருப்பிச் செலுத்தச் சில நாள் இடம் தர வேண்டும் என்றெல்லாம் அவை கூறின. நல்ல வேலிதான். எனினும் ஆசை அவசரப்படும்போது விரல் வேலியைத் தாண்டிவிடுகிறது.

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். நம்முள் எவர் பிணைக் கையெழுத்துக் கேட்டு வந்தாலும் கோபியாமல், வெட்கப்படாமல், கதையில் வந்த அரசனின் கேள்வியைக் கேட்போம்: "இப்பணம் எதற்கு?" இரண்டாவதாக, "நீர் செலுத்தாவிட்டால் நம் வீட்டில் எதை நிறுத்திச் செலுத்துவது?" என்று நம்மையே கேட்போம். மூன்றாவதாக, பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று மனைவியின் முன், வளர்ந்த பிள்ளைகளின் முன் உரக்கப் படிப்போம். பிடித்தம் அவர்கள் சோற்றிலிருந்துதான் நடக்கப் போகிறது. எனவே அவர்களும் பேரத்தின் தரப்பினரே. தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாதோர், ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்கு வரலாம். நாமும் நம்மைப் போன்ற எழுத்தர் நண்பர் இருவரும் அங்கு இருப்போம். கதை நூல்களை அடுக்குவதோடு பத்திரங்களையும் படித்துத் தருவோம்.

உண்மையான தேவை உடையவர் இக்கேள்விகளால் வருந்தார். மருத்துவத்துக்கு, படிப்புக்கு, தலைக்கு மேல் ஒரு கூரைக்கு என்று நேராகச் சொல்வார். அவர்க்குக் கை கொடுக்கத் தயங்குதல் தமிழர் பண்பன்று. கேள்வியைக் கண்டு மறைவது மரத்தடிக் குரல் ஒன்றே.